கனத்த கல், மெல்லிய ரொட்டி

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஜார்ஜ்டவுன் டிரான்ஸ்ஃபர் ரோட்டில் சாப்பிடுகிற ரொட்டி சானாய் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கிறது. அதே மாவு, அதே மார்ஜரின், வீட்டில் விலை கொடுத்து வாங்கிய நான்-ஸ்டிக் தவாவில் போட்டால் வறண்டு போகிறது. பல்லால் இழுத்துத்தான் கடிக்க வேண்டியிருக்கிறது. கைப்பக்குவம்தான் காரணமா? அல்லது இப்போது விளம்பரம் செய்கிறார்களே, வாசலில் வைத்துச் சமைக்கும் பெரிய தட்டை அடுப்பு, அதை வாங்கினால் சரியாகிவிடுமா?"

கேள்வி நல்ல நேரத்தில் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றோடு சேர்ந்த மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். அதற்குப் பிறகு 'ரொட்டியின் ரகசியம்' சொல்லும் காணொளிகளும் பெருகிவிட்டன. ஒருவர் மாவில் கெட்டிப் பால் என்கிறார், இன்னொருவர் எட்டு மணி நேர ஊறல் என்கிறார், மூன்றாமவர் விற்பது கிரானைட் பூச்சு. மாவு ஊறுவதும் அதை வீசுவதும் முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லோரும் ரொட்டி மாஸ்டரின் கையையே பார்க்கிறார்கள். கைக்குக் கீழே கிடக்கும் இரும்பை யாரும் பார்ப்பதில்லை.

ரொட்டி கல்லில் விழுந்ததும் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நூறு கிராம் மாவு. அதை அறைவெப்பத்திலிருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 20 கிலோஜூல் வேண்டும். அதிலுள்ள ஈரத்தில் பத்து கிராம் ஆவியாகிப் போவதற்கு இன்னொரு 20 கிலோஜூலுக்குச் சற்று அதிகம். ஆக மொத்தம் 40 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நாற்பதையும் ரொட்டி தவணை முறையில் கேட்பதில்லை. மாவு குளிர்ந்திருக்கும் முதல் பத்துப் பதினைந்து வினாடிகளில்தான் அதன் பசி மிகப் பெரிது. பாதிக்கு நெருக்கமான வெப்பத்தை அந்த இடைவெளியிலேயே இழுத்துக்கொள்ளும். அடிப்பரப்பு சூடேறியபின் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

அந்த முதல் வினாடிகளில்தான் ரொட்டியின் தலைவிதி முடிவாகிறது. மடிப்புகளுக்கு இடையில் சிக்கிய ஈரம் சட்டென்று ஆவியானால், ஒரு பங்கு நீர் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து அடுக்குகளைப் பிரித்துத் தூக்கும். அதற்குள் மேல்தோல் சிவந்து இறுகிவிடும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும். வெப்பம் மெல்ல மெல்ல வந்தாலோ, ஈரம் அடுக்கைப் பிரிக்காமலே கசிந்து வெளியேறும். ரொட்டி சிவப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். வாசகி கடித்து இழுப்பது அந்த ரொட்டியைத்தான்.

இனி கல்லின் பக்கம் வருவோம். கடைக் கல் அரை அங்குல இரும்புத் தகடு, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இருபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு ரொட்டிக்கு அடியில் இருக்கும் இரும்பு மட்டும் மூன்று கிலோ வரும். அதன் வெப்பம் ஒரு டிகிரி குறைய 1,400 ஜூல் வெளியேற வேண்டும். ஆகவே அடுப்பை அணைத்துவிட்டால்கூட, 40 கிலோஜூலையும் கொடுத்து முடித்த பிறகு அந்த இடம் ஏறத்தாழ 28 டிகிரிதான் இறங்கியிருக்கும். 220-இல் தொடங்கினால் 192. இன்னும் சிவக்க வைக்கும் சூடுதான்.

இதே கணக்கை 2 மில்லிமீட்டர் அலுமினியத் தவாவுக்குப் போட்டுப் பாருங்கள். ரொட்டிக்கு அடியிலுள்ள உலோகம் ஒரு டிகிரிக்கு 150 ஜூல்தான் வைத்திருக்கிறது. 220-இலிருந்து நூறு டிகிரி வரை இறங்கினாலும் அது தரக்கூடியது 18 கிலோஜூல். சேமிப்பு முழுவதும் தீர்ந்த பிறகும் ரொட்டி பாதிகூட வெந்திருக்காது. மீதிக்கு அடுப்பின் சுடரையே நம்ப வேண்டும்.

"சுடரைக் கூட்டி வைத்தால் போயிற்று" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். முதல் பசிக்கு ஈடாகச் சுடரைக் கூட்டினால், பசி அடங்கிய அடுத்த நிமிடம் அந்த உபரி வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. மெல்லிய தகடு கிடுகிடுவென்று ஏறி, சுடர் படும் வட்டம் மட்டும் கருகும். குறைத்து வைத்தால் காய்ந்துபோகும். வீட்டில் சமைப்பவர் திருகைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ரொட்டிக்குப் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

இதை விளக்க நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைவிட நல்ல உதாரணம் இல்லை. சுடர் என்பது தெருக்குழாயிலிருந்து வரும் நீர். கல் என்பது தொட்டி. ரொட்டி என்பது காலையில் வரிசையில் நிற்கும் குளியல்காரர். தொட்டி இல்லாத வீட்டில் குழாய் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். ஒருவர் தலையில் சோப்புப் போட்ட நேரத்தில் நீர் நூலாகிவிடும். தொட்டி உள்ள வீட்டிலோ குழாய் மெல்ல ஒழுகினாலும் ஆறு பேர் அடுத்தடுத்துக் குளித்துவிட்டுப் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடலாம். யாரும் குளிக்காத நேரத்தில் வரும் நீரைத் தொட்டி விழுங்கி வைத்துக்கொள்ளும். நீர்மட்டம்தான் வெப்பநிலை. தொட்டியின் அகலம்தான் தகட்டின் தடிமன். அகலமான தொட்டியில் பத்து வாளி எடுத்தாலும் மட்டம் இறங்கியது தெரியாது. குறுகிய தொட்டியில் ஒரு வாளியிலேயே அடி தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் பினாங்கில் நாள்கணக்கில் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது பெரிய தொட்டியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய தொட்டிக்கு ஒரு குறையும் உண்டு. காலியாக இருந்தால் நிரம்ப நேரமாகும். அளவுக்கு மீறி நிரம்பிவிட்டால் வழித்து இறக்கவும் நேரமாகும். கல்லும் அப்படியே. அதிகமாகக் காய்ந்த கனத்த கல் சொன்னவுடன் ஆறாது. சுடரைக் குறைத்த செய்தி 12 மில்லிமீட்டர் இரும்பைக் கடந்து மேலே தெரியவே சில வினாடிகள் ஆகும். மட்டம் இறங்க நிமிடங்கள் ஆகும். அதனால்தான் நல்ல மாஸ்டர் அடிக்கடி திருகைத் தொடுவதில்லை. ரொட்டியைத்தான் நகர்த்துகிறார்.

இதைக் கடையில் நின்று கவனித்துப் பாருங்கள். "நானா, ரெண்டு கோசோங், ஒரு தெலூர், ஒண்ணு பாஞ்சிர்!" என்று வெறும் ரொட்டிக்கும் முட்டை ரொட்டிக்கும் குழம்பில் மூழ்கிய ரொட்டிக்கும் குரல் வந்ததும் கை மாவை வீசி மடித்துக் கல்லில் போடுகிறது. முந்தைய ரொட்டியை எடுத்த அதே இடத்தில் அடுத்ததைப் போடுவதில்லை. ஒரு கை அகலம் தள்ளிப் போடுகிறார். காலியான இடம் ஓரிரு நிமிடத்தில் மறுபடி ஏறிக்கொள்ளும். வெந்ததை ஓரத்துக்குத் தள்ளுகிறார். முட்டை போட்ட ரொட்டியை நடுவிலிருந்து சற்று விலக்கி வைக்கிறார், மாவு சிவப்பதற்குள் முட்டை தோலாகிவிடக் கூடாது என்பதற்காக. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ரொட்டியைத் தட்டி நெரிக்கிறார். ஆவி புஸ்ஸென்று வெளியேறி அடுக்குகள் கலைகின்றன. ஆவி அங்கே மிச்சமிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஓரம் ஆறியும் நடு காய்ந்தும் இருப்பது இரும்பின் குறையென்று விளம்பரங்கள் சொல்கின்றன. 'எல்லா இடத்திலும் ஒரே சூடு' என்பதை உயர்வாக விற்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அலுமினியம் இரும்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். செம்பு எட்டு மடங்கு. தகடு கனத்ததாக இருந்தால் அந்த வேகத்தில் முழுவதும் ஏறத்தாழ ஒரே சூடாகிவிடும். இரும்பு மந்தமாகக் கடத்துவதால்தான் ஒரே கல்லில் நடுவே ரொட்டி, பக்கத்தில் முட்டை, ஓரத்தில் சூடு ஆறாமல் காத்திருக்கும் தட்டு என்று ஒரு முழுக் காலையுணவை நடத்த முடிகிறது. சேமிப்பிலும் இரும்பே முன்னால் நிற்கிறது. கிலோ கணக்கில் பார்த்தால் அலுமினியம் இரும்பைவிட இரு மடங்கு வெப்பம் பிடிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அடுப்பின்மேல் இடம்தானே கணக்கு? ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு டிகிரிக்கு 3.8 ஜூல் பிடிக்கிறது. செம்பு 3.4, அலுமினியம் 2.4. இந்த மூன்று உலோகங்களில் மலிவானது இதில் முதலிடம் பிடிப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அதே கல்லில் தோசையும் வார்க்கிற கடைகள் லிட்டில் இந்தியா பக்கம் இருக்கின்றன. தோசைக்கு ரொட்டியின் சூடு ஆகாது. மாவு பரவுவதற்குள் வெந்து கரண்டியோடு வந்துவிடும். அதனால்தான் வார்ப்பதற்கு முன் நீரைத் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு. ஒரு கை நீர், முப்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக்க ஆவியானால் தோசை அகலத்துக்குக் கல்லை இருபது டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். தொட்டியிலிருந்து மேல்மட்டத்தை மட்டும் வழித்தெடுக்கும் வேலை இது. அடுத்த நிமிடத்தில் அடியிலிருந்து சூடு மறுபடி ஏறும்; தோசையின் அடி சிவப்பது அந்தச் சூட்டில்தான்.

வரலாறும் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்குத் தீவில் இறங்கிய காலந்தொட்டே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே இருக்கிறார்கள். சூலியா தெருவும் 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதற்குச் சாட்சி. முர்தபாவுக்கும் நாசி கண்டாருக்கும் பேர்போன கேம்பெல் தெரு ஹமீதியா 1907-இல் தொடங்கியது. கல்லும் மாவும் இந்தக் கைகளின் வழியாகத்தான் பினாங்குத் தெருவுக்கு வந்தன.

பூச்சு விஷயத்துக்கு வருவோம். நான்-ஸ்டிக் பூச்சை 260 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது, வெறும் தவாவை அடுப்பில் காயவிடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அதாவது தொட்டியை நிரப்பி வைக்கும் வேலையே அதற்கு விலக்கப்பட்டிருக்கிறது. மேலே 'கிரானைட்' என்று எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் கல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சுதான். அடியில் இருப்பது அதே அலுமினியம். ஒட்டாமல் வருவதற்கு மட்டும் அது உதவும். பழகிய இரும்புக் கல்லும் ஒட்டாது: எண்ணெய் சூட்டில் காற்றோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான கறுப்புப் படலமாக இரும்பில் படிந்துவிடுகிறது. தேய்ந்தால் மறுபடி எண்ணெய் தடவிக் காயவைத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். இரும்புக் கல்லில் சுட்ட ரொட்டியால் இரத்தசோகை தீரும் என்று பரப்புவதையும் நம்ப வேண்டாம். புளிப்பும் நீரும் சேர்ந்து நெடுநேரம் கொதிக்கும் குழம்பில்தான் இரும்பு குறிப்பிடத்தக்க அளவு கரையும். எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் கிடக்கிற ரொட்டியில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் துப்பாக்கி வெப்பமானி பற்றியும் ஒரு வார்த்தை. பளபளக்கும் உலோகத்தில் அது உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான பரப்பு அகச்சிவப்புக் கதிரை அதிகம் உமிழாது. கறுத்துப் பழகிய கல்லில் உண்மைக்குப் பக்கத்தில் காட்டும். அது இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரு சொட்டு நீரைத் தெளித்துப் பாருங்கள். உடனே சுண்டினால் கல் இன்னும் காயவில்லை. சொட்டு உருண்டையாகி ஓடினால், தன் அடியில் எழுந்த ஆவியின் மேல் அது மிதக்கிறது. கல் ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதை விரிவாக எழுதிவைத்தார்.

சரி, வாசலில் வைக்கும் பெரிய தட்டை அடுப்பை வாங்கலாமா? 80-க்கு 60 சென்டிமீட்டர், அரை அங்குலத் தகடு என்றால் எடை 45 கிலோ. அதை 220 டிகிரிக்கு ஏற்றவே 4,000 கிலோஜூலுக்கு மேல் போகும். சுடரின் வெப்பத்தில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடுவதையும் சேர்த்தால் 200 கிராமுக்கு மேல் கேஸ். காய்ந்தபின் ஒன்றும் போடாமல் வைத்திருந்தாலும், திறந்த வெளியில் அது வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோஜூல் இழந்துகொண்டே இருக்கும். ஒரு ரொட்டிக்கு வேண்டிய வெப்பம் இருபதே வினாடியில் காற்றோடு போகிறது. விடியற்காலை முதல் ஆள் வந்துகொண்டே இருக்கும் கடைக்கு இது கட்டுபடியாகும். நான்கு பேர் வீட்டுக்கு ஆகாது. விளம்பரத்தில் வரும் அடுப்புகள் பலவற்றில் தகடு அந்தத் தடிமனும் இருப்பதில்லை. வாங்கியே தீருவேன் என்பவர்கள் பர்னர்களின் எண்ணிக்கையைக் கேட்காமல் தகட்டின் தடிமனைக் கேளுங்கள்.

வாசகிக்கு என் பதில் இது. கையைப் பழிக்காதீர்கள். ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள, பூச்சில்லாத சின்ன இரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்குங்கள். நடுச்சுடரில் பத்து நிமிடம் காயவிடுங்கள்; அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். சொட்டு உருண்டு ஓடியதும் முதல் ரொட்டியைப் போடுங்கள். எடுத்த பிறகு அடுத்ததைப் போட இரண்டு நிமிடம் பொறுங்கள், உங்கள் கல்லில் தள்ளிப்போட இடமில்லை. வீட்டில் பசியோடு இருப்பவர்கள் அந்த இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும்.