மெய்நிகர் கருவிகள் தரும் தலைச்சுற்றல்: குறை யாரிடம்?

கண்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும் தலைக்கருவியை அணிந்து, கணினி உருவாக்கிய உலகுக்குள் நுழையும் பலருக்குச் சில நிமிடங்களிலேயே தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது. கருவியைக் கழற்றிய பின்னரும் சிலருக்குக் கால் தரையில் பாவாத உணர்வு நீடிக்கிறது.

விர்ச்சுவல் ரியாலிட்டி எனப்படும் இந்த மெய்நிகர் காட்சித் தொழில்நுட்பம் விளையாட்டுக்கு மட்டும் பயன்பட்டவரை, இது ஒரு சிறு தொல்லையாகவே கருதப்பட்டது. ஒத்துக்கொள்ளாதவர் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் வகுப்பறைகளுக்கும், தொழிற்பயிற்சிக் கூடங்களுக்கும், இராணுவத்துக்கும் இத்தகைய கருவிகள் வந்துவிட்ட நிலையில், நினைத்தபோது கழற்றி வைக்க முடியாதவர்களின் நிலை என்ன என்ற கேள்வி எழுகின்றது.

கண்ணும் செவியும்

மனித உடல் தனது அசைவைக் கண்களால் மட்டும் அறிவதில்லை. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள உறுப்புகள் முன்பின் நகர்வையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன.

மலைப்பாதையில் செல்லும் பேருந்தில், உள்ளே உள்ள இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பயணிக்குக் கண் 'அசைவில்லை' என்கிறது, செவியோ 'திரும்புகிறோம்' என்கிறது. மெய்நிகர் உலகில் நிலைமை தலைகீழ். காட்சியில் நாம் பறந்துகொண்டிருக்கிறோம், உடலோ நாற்காலியில் அசையாமல் இருக்கிறது. இவ்வாறு புலன்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதே பயணக் குமட்டலுக்குக் காரணம் என்ற விளக்கத்தை, பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், பிராண்ட் என்பவருடன் இணைந்து 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் பரவலாக அறியச் செய்தது.

முரண்பாடு இருந்தால் வயிறு ஏன் குமட்ட வேண்டும்? புலன்கள் குழம்புவதை உடலில் நஞ்சு கலந்ததன் அறிகுறியாக மூளை எடுத்துக்கொண்டு, வயிற்றைக் காலி செய்ய முற்படுகிறது என்று 1977ஆம் ஆண்டு ட்ரைஸ்மன் என்ற ஆய்வாளர் கருத்து வெளியிட்டார். இது கவர்ச்சியான விளக்கம்தான். ஆயினும் அனைவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

உட்செவியின் பங்கு குறித்து அவ்வளவு ஐயமில்லை. விண்வெளிப் பயணத்துக்கான முன்னோட்டமாக, அமெரிக்காவின் கல்லாடெட் கல்லூரியுடன் தொடர்புடைய, செவிப்புலன் இழந்த 11 ஆண்களைக் கொண்டு 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டுக் கடற்படையும் நாசாவும் பல சோதனைகளை நடத்தின. அவர்களில் 10 பேர், மூளை உறை அழற்சி நோயால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்நோய் அவர்களது சமநிலை உறுப்புகளையும் பாதித்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால், கொந்தளித்த கடலில் படகில் அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தனர். அவர்களைச் சோதிக்கச் சென்ற ஆய்வாளர்களுக்கோ கடல் குமட்டல் தாங்கவில்லை. சோதனை கைவிடப்பட்டது.

அதாவது, குமட்டல் வருவது உடலின் பலவீனம் அல்ல. சமநிலை உறுப்புகள் சரியாக இயங்குகின்றன என்பதற்கு அது ஒரு சான்று.

விமானிகளின் அனுபவம்

இது புதிய சிக்கலும் அல்ல. ஹெலிகாப்டர் ஓட்டும் பயிற்சிக்கான சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பொறியில் பயின்றவர்களுக்குக் குமட்டல் ஏற்பட்டதாக, 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அறிக்கை வெளியானது. அக்காலத்து ஆய்வுகளில், புதிய மாணவர்களைக் காட்டிலும் அனுபவம் மிக்க பயிற்றுநர்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். உண்மையான ஹெலிகாப்டர் எப்படி அசையும் என்பதை அவர்களது உடல் அறிந்திருந்தது. பொறி அதற்கு மாறாக நடந்துகொண்டது.

பழகினால் சரியாகிவிடும் என்று கருவிகளை விற்பவர்கள் கூறுவது வழக்கம். படிப்படியாகப் பழகுவோருக்கு ஓரளவு குறைவது உண்மையே. ஆனால் பழகிக்கொள்ளும் பொறுப்பை அணிபவர் மீது சுமத்துவதற்கு முன்னர், கருவியின் குறைகளைக் கணக்கில் எடுப்பதே முறை.

தலை திரும்பிய பின் காட்சி மாறுவதற்கு ஆகும் தாமதம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 20 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பொதுவாக ஏற்கும் அளவு. இதில் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. ஆனால் கண்ணின் குவியம் தொடர்பான சிக்கல் பெரும்பாலான கருவிகளில் தீரவில்லை. அருகே ஒரு பொருள் தோன்றும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, கண்ணின் வில்லையோ மாறாத ஒரே தொலைவிலேயே குவிந்திருக்க வேண்டியுள்ளது.

இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் முக்கியமானது. இத்தூரம் சராசரியாகப் பெண்களுக்குக் குறைவு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு விளையாட்டின்போது பெண்களில் குமட்டலுக்கு உள்ளானோரின் விகிதம் ஆண்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உடல் நிலைத்து நிற்பதில் உள்ள வேறுபாடே காரணம் என்பது அவர்களது கருத்து. கே ஸ்டானி தலைமையிலான மற்றொரு குழுவோ, வில்லைகள் கண்ணின் அளவுக்குப் பொருந்தாமையே முதன்மைக் காரணம் என்றும், பொருந்திய பெண்களுக்கு ஆண்களைப் போன்ற அனுபவமே ஏற்பட்டது என்றும் 2020ஆம் ஆண்டு தெரிவித்தது. இரண்டாவது விளக்கம் சரியானால், 'பெண்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை' என்று சொல்லப்பட்டதன் பொருள், ஆண்களின் முகத்துக்கு அளவெடுத்த கருவி என்பதே.

படைவீரர்களின் தலையில்

இச்சிக்கல் எவ்வளவு பெரிய விலையைக் கோரக்கூடும் என்பதை அமெரிக்க இராணுவத்தின் ஐவாஸ் திட்டம் காட்டியது. உண்மைக் காட்சியின் மீது வரைபடங்களையும் தகவல்களையும் சேர்த்துக் காட்டும் போர்க்களக் கண்ணாடி அது. முழு மெய்நிகர் கருவி அல்ல என்றாலும், கண்ணுக்கும் உடலுக்கும் இடையிலான சிக்கல் அதிலும் உண்டு. 10 ஆண்டுகளில் 2,190 கோடி டாலர் வரை எட்டக்கூடிய ஒப்பந்தம் 2021ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

2022ஆம் ஆண்டுச் சோதனையில் வீரர்களுக்குத் தலைவலி, கண் சோர்வு, குமட்டல் ஆகியவை ஏற்பட்டதாகப் பென்டகனின் சோதனைப் பிரிவு தெரிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளாகவே அறிகுறிகள் தோன்றின. மேலும் கண்ணாடிகள் வாங்க இராணுவம் கேட்டிருந்த 40 கோடி டாலரை நாடாளுமன்றம் மறுத்து, வடிவமைப்பைத் திருத்த 4 கோடி டாலரை மட்டுமே ஒதுக்கியது.

உத்தரவின் பேரில் அணிந்தவர்கள் என்றாலும், வீரர்களின் முறையீடு பதிவாகி நாடாளுமன்றம் வரை சென்றது. பயிற்சிக்காக இதே போன்ற கருவியை அணியும் கிடங்குத் தொழிலாளிக்கோ பள்ளி மாணவிக்கோ அத்தகைய சோதனைப் பிரிவு ஏதும் இல்லை. மெட்டா நிறுவனம் தனது குவெஸ்ட் கருவிகளுக்கான குறைந்தபட்ச வயதை 2023ஆம் ஆண்டு 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பது நிபந்தனை.

ஐவாஸ் திட்டம் 2025ஆம் ஆண்டு மைக்ரோசாப்டிடமிருந்து ஆண்டுரில் நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. அதற்கு முன்னர் 2023ஆம் ஆண்டு உருவான திருத்திய வடிவில் செய்யப்பட்ட மாற்றங்களுள் ஒன்று எளிமையானது: தேவைப்படாதபோது கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட ஒரு கீல்.