மாறுதலை மட்டும் சொல்லுங்கள்

தொடர் மேம்பாடு என்றாலே ஜப்பான், டொயோட்டா என்று ஆரம்பித்துவிடுகிறோம். லண்டன்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஹாமர்ஸ்மித் போதும். லயன்ஸ் நிறுவனத்தின் கேட்பி ஹால் அங்கேதான் இருந்தது. ரொட்டியும் கேக்கும் அங்கே தயாராகி, நகரெங்கும் இருந்த அதன் டீக்கடைகளுக்குப் போகும்.

பன்னும் டீயும் விற்பவருக்கு லாபம் சில்லறையில்தான். கணக்கு எழுதும் செலவே அதைத் தின்றுவிடும். அதனால்தான் கணிதம் படித்த ஜான் சிம்மன்ஸை 1923-ல் வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு படிவமும் எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பதற்கென்றே ஒரு பிரிவு உருவானது. 1947-ல் அமெரிக்க அலுவலகங்களைப் பார்த்துவர இருவர் கப்பலேறினார்கள். பிரின்ஸ்டனில் அவர்களுக்குக் கிடைத்த தகவல்: உங்கள் கேம்பிரிட்ஜிலேயே ஒரு கணினி உருவாகிக்கொண்டிருக்கிறதே! லயன்ஸ் அந்தப் பணிக்கு 3,000 பவுண்டும் ஓர் ஊழியரையும் தந்தது, பிறகு அதே வழியில் சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொண்டது. லியோ என்று பெயரிட்ட அந்தக் கணினி 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கைப் போட்டது. அலுவலக வேலையை வாடிக்கையாகச் செய்த உலகின் முதல் கணினி டீக்கடைக்காரர்களுடையது. ஓர் ஊழியரின் சம்பளக் கணக்குக்கு எழுத்தர் எடுத்த 8 நிமிடம் ஒன்றரை நொடியாகச் சுருங்கியது.

எல்லோரும் எழுதுவது இந்த வேகத்தைத்தான். எனக்குச் சுவையாகப் படுவது 1954-ல் லியோவிடம் வந்த கடை ஆர்டர். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடைக்கு இவ்வளவு சரக்கு என்று நிலையான பட்டியல் உண்டு. கடையை நடத்தும் பெண்மணி பிற்பகலில் தலைமையகத்துடன் போனில் பேசும்போது மாறுதலை மட்டும் சொன்னால் போதும். அது அட்டையில் துளைகளாகி லியோவுக்குள் போகும். எவ்வளவு சுட வேண்டும், எந்தக் கடைக்கு எது போக வேண்டும் என்ற பட்டியல்கள் அச்சாகி வரும். கூட்டல் கழித்தல் இயந்திரத்தின் பாடு. நாளைக்கு எது விற்கும், எது தங்கிவிடும் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் கணிப்பு. அந்தக் கணிப்பு இல்லாமல் பட்டியல் முழுமையடையாது.

இன்றைய ஆன்லைன் கடைகளின் கிடங்குகளில் நிலைமை தலைகீழ். நம் பிள்ளைகள் பலர் இரவுப்பணி பார்க்கும் இடங்கள் இவை. அடுத்து எந்த அலமாரி, எத்தனை நொடி என்று கையிலுள்ள ஸ்கேனர் சொல்கிறது. அந்த அலமாரி தப்பான இடத்தில் இருக்கிறது என்று திருப்பிச் சொல்ல பொதுவாக அதில் பொத்தான் கிடையாது. கருவி இல்லாவிட்டால் மறுநாளே வீட்டுக்குப் பொருள் வராது என்பார்கள் நிர்வாகிகள். சரிதான். ஆனால் சுவரில் யோசனைப் பெட்டி வைத்து, ஷிப்ட் தொடக்கத்தில் வெள்ளைப் பலகைக் கூட்டமும் நடத்திவிட்டு, சொல்லப்பட்ட யோசனையை உடனே புது இலக்காக்கினால் யார் வாய் திறப்பார்? அரை நிமிடம் மிச்சமாகும் வழியைக் கண்டுபிடித்தவர் அதைப் பக்கத்து நண்பருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறார்.