ஈ.சி.ஆர்-ல் பாண்டி போறீங்களா? இந்த இடங்கள்ல வண்டியைத் திருப்புங்க!

ராஜஸ்தான் பாலைவன ரோடு ட்ரிப் ரீல்ஸைப் பார்த்துப் பார்த்து ஏங்குறீங்களா? லீவும் இல்லை, பட்ஜெட்டும் இல்லையா? மணல், உப்பு, ஆளில்லாத வெட்டவெளி, இடிந்த கோட்டை... எல்லாமே செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இருக்கு. ஒரு நாள் போதும். ஆனா, நம்மில் பலர் மாமல்லபுரத்தோடு யு-டர்ன் போடுகிறோம். இல்லைன்னா, பாண்டிச்சேரி வரை வண்டியை நிறுத்துவதே இல்லை. நடுவில் இருக்கும் 50 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் ஹீரோ.

விடியும்போதே சென்னையை விட்டுக் கிளம்புங்கள். முதல் நிறுத்தம், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சாளுவன்குப்பம். புலிக்குகை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு ஓடிடாதீங்க. பக்கத்திலேயே, மணலுக்குள் இருந்து தோண்டி எடுத்த முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது, பாறையில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அதைப் பிடித்துக்கொண்டு 2005-ல் தொல்லியல் துறை தோண்ட, பல்லவர் காலக் கோயிலும், அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. சங்க காலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மாமல்லபுரத்தில் டிபன் மட்டும் சாப்பிடுங்கள். கோபம் வேண்டாம்! ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில் மூன்றையும் ஒழுங்காகப் பார்க்க அரை நாள் வேண்டும். அவசரமாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் 'சத்ராஸ்' என்று அழைத்த ஊர். இங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணி கப்பலேறியது. செங்கல் கோட்டைக்குள் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. கற்பலகைகளில் இருக்கும் செதுக்கு வேலைப்பாட்டுக்காகவே போகலாம். கல்லறைப் பகுதி பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள். அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் ட்ரோன் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இதற்குத் தெற்கே சாலையோரம் நிழல் குறையும். செய்யூர் பக்கம் உப்பளங்கள். கோடையில் போனால் வெள்ளை வெளேரென்று கண் கூசும். மழைக்காலத்தில் வெறும் தண்ணீர்தான், ஏமாந்துடாதீங்க. வரப்பில் இறங்குவதற்கு முன் அங்கே வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நமக்கு அது லொகேஷன், அவர்களுக்கு அது சம்பளம். மதிய வெயிலில் சுற்றாமல், முதலியார்குப்பம் படகுக் குழாமில் கொஞ்சம் இளைப்பாறலாம்.

மாலை நான்கு மணிக்கு, கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குப் பரிசாகக் கிடைத்தது. பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். மிச்சத்தைக் கடல் காற்று தின்றுகொண்டிருக்கிறது. மதில் மேல் ஏறாதீர்கள், செங்கல் பெயர்கிறது. கழிமுகத்தைத் தாண்டி மணல் திட்டுக்குப் படகில் போவதாக இருந்தால் லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு பார்த்துட்டு ஏறுங்க. இந்தக் கடலில் குளிக்கவே வேண்டாம். அமைதியாகத் தெரியும், இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு சுவாரஸ்யம்: இந்தப் பகுதிக்குப் பெயர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த ஊர்க்காரர். எந்த வழியாகப் போகலாம், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்லும் பாட்டு அது. நம்ம டிராவல் வ்லாக்கர்களுக்கெல்லாம் சீனியர்!

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு திரும்புவதும் இதே மாலை நேரத்தில்தான். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்க ஆசைப்பட்டால் எண்பதில் பறக்க வேண்டியிருக்கும். சீசனில் என் ஓட்டு பறவைகளுக்கே. ஆலம்பரையை மதியமே முடித்துக்கொண்டு, செய்யூர், மதுராந்தகம் வழியாகப் போய்விடுங்கள்.

பாண்டி வரை போகாதவர்கள் திரும்பும்போதும் அந்த மதுராந்தகம் வழியையே பிடித்து ஜி.எஸ்.டி சாலைக்கு வந்துவிடலாம். இருட்டிய பிறகு ஈ.சி.ஆர்-ல் மாடுகள் படுத்திருக்கும், சாலை அகலப்படுத்தும் வேலையில் திடீர் திருப்பங்களும் வரும். பெட்ரோலை மாமல்லபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. அப்புறம், ஆஃப்லைன் மேப்பை முந்தின நாள் ராத்திரியே டவுன்லோடு பண்ணிடுங்க.