ஒரு செட்டு மாத்திரை

பழக்கமும் சிறுநீரகமும் – 6

போன வாரம் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பின் பக்கம் போயிருந்தோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டுச் சாப்பாடு அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. உப்பாவது நாக்குக்குத் தெரியும். இந்த வாரம் பேசப்போகும் பழக்கத்தைப் பலரும் பழக்கமாகவே நினைப்பதில்லை.

நடவு நேரத்திலோ கரும்பு வெட்டும் காலத்திலோ, ஏதாவது ஒரு சிற்றூரின் மெடிக்கல் ஷாப்பில் சாயங்காலம் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். "அண்ணே, கை கால் வலிக்கு ரெண்டு செட்டு குடுங்க" என்று சேற்றுக் காலோடு ஒரு அக்கா வந்து நிற்பார். கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார். மூன்று நான்கு அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் கத்தரிக்கோலால் இரண்டிரண்டு மாத்திரைகளை நறுக்கி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுக்கா" என்று நீட்டுவார். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கவருக்குள் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் இருக்கும். கூடவே ஒரு பாராசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை. சில இடங்களில் ஸ்டீராய்டும் சேரும். காலையில் உடம்பு லேசாக இருக்கும், அக்காவும் வேலைக்குப் போவார். அந்த ஒரு நாள் கூலி அந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மறந்துவிட்டு இந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளே நடப்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறும், மிச்சமெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறையும். அப்போது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களை விரித்துப் பிடித்து நிலைமையைச் சமாளிக்கும். மூட்டிலும் தசையிலும் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதில் பங்கு உள்ளதும் இதே புராஸ்டாகிளாண்டின்தான். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இதன் உற்பத்தியை அடைத்துத்தான் வலியைத் தணிக்கின்றன என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். கவரில் இருக்கும் டைக்ளோஃபினாக்கும் இதே வகைதான். முழங்காலில் மட்டும் அடைத்துவிட்டுச் சிறுநீரகத்தை விட்டுவிட மாத்திரைக்குத் தெரியாது.

நல்ல ஆரோக்கியமான ஒருவர், தண்ணீர் ஒழுங்காகக் குடிப்பவர், எப்போதாவது ஓரிரு நாள் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெயிலில் வேலை செய்கிறவர் நிலை வேறு. அதிலும் பெண்கள் நிலை இன்னும் மோசம். ஒதுங்க இடமில்லாத வயல்வெளியில், வரப்பில் குடம் இருந்தாலும் பலர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் அடக்க வேண்டுமே! நாள் முழுக்க வற்றிய உடம்போடு வீடு வந்து வலி மாத்திரையைப் போடும்போது, சிறுநீரகத்துக்கு இருந்த ஒரே பிடிமானமும் போய்விடுகிறது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வருவது தனிக் கதை. வேலை செய்கிற இடத்தில் கழிப்பறை கேட்பதும் சிறுநீரகத்தைக் காக்கிற வேலைதான்.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரையும், அதோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவை அவசியமான மருந்துகள், நிறுத்தக் கூடாதவை. இவற்றோடு வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் திணறிப்போகலாம். வாந்தி பேதியின்போது ஆபத்து இன்னும் கூடும்.

என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. "சர்க்கரை மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டு இருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்கள். காக்கிற மாத்திரைக்குப் பயந்து நிறுத்துகிற அதே வீட்டில், வலி மாத்திரை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கேள்வி கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை இந்த நாடு பறவைகளிடம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. மாடுகளுக்கு வலி குறைய இந்த மருந்தைப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் படிந்து செத்து விழுந்தன. காரணம் 2004-ல் வெளியான ஆய்வில்தான் தெளிவானது. அதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்திருந்தன. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. பிறகும் மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாடுகளுக்குப் போனதால், 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. மோயாறு பள்ளத்தாக்கில் இன்று பாறுகள் மிஞ்சியிருப்பதில் அதற்கும் பங்குண்டு. பறவையின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. மிகக் குறைந்த அளவே அவற்றைக் கொன்றுவிடும், நம்மைக் கொல்லாது. ஆனால் பறவைக்காகச் சட்டம், நீதிமன்றம் என்று போன மருந்து, மனிதருக்குக் கத்தரிக்கோல் நறுக்கில் கிடைக்கிறது. அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதற்குப் பொருள். நறுக்கிக் கொடுக்கும்போது அந்தக் கோடும் போய்விடுகிறது, மருந்தின் பெயரும் போய்விடுகிறது.

பெயர் போவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகும் வரை வலிக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவும், ரத்தத்தில் பலருக்கு அதுவரை இயல்பாகவே காட்டும். கால் வீங்கி டாக்டரிடம் போகும்போது, "என்னம்மா மாத்திரை போட்டீங்க?" என்றால், "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு" என்பதுதான் பதிலாக இருக்கும். அதனால் கடையில் அட்டையோடு கேளுங்கள், முடியாவிட்டால் கவரிலாவது பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் கடை வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடிக்கடி வலி மாத்திரை போட்டவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் ஏறும் முன்பே பல நேரம் அது காட்டிக்கொடுத்துவிடும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 2021-ல் தொடங்கிய நல்ல திட்டம். அந்தப் பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேட்க வேண்டும், பதிலை எழுதிவைக்க வேண்டும்: "வாரத்துக்கு எத்தனை செட்டு போடுறீங்க?"

(தொடரும்)