கயிற்றில் ஒட்டி வந்த மணல்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. 1947இல் அது வெளிநாட்டுப் பயணமாக மாறியிருக்கும். தென்காசியும் குற்றாலமும் அன்று பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம். செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே சக்கரம் என்று தனி நாணயம், அஞ்சல் என்று தனித் தபால் துறை. வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று 1947 ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு காரணம், கடற்கரை மணல்!

குற்றாலத்தில் அருவி இறங்குகிறதே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளில் பல கனிமங்கள் பொடிப்பொடியாகக் கலந்திருக்கின்றன. மழை பாறையைக் கரைக்கிறது. ஆறுகள் துகள்களைக் கடலில் சேர்க்கின்றன. மீதி வேலையை அலை பார்த்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சாதாரண வெண்மணல் கல் சுமார் 2.6 கிலோ. அதே அளவு மோனசைட் என்னும் பழுப்பு மஞ்சள் கனிமம் சுமார் 5 கிலோ. முறத்தில் புடைப்பதுபோல அலை லேசானதை இழுத்துப் போக, கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்த புடைப்பில் உருவானவைதான் குமரிக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சியின் கருமணல் படுகைகள்.

இந்தப் புதையலைத் தேடி யாரும் தோண்டவில்லை. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குத் தென்னங்கயிறு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். மோனசைட்! அதன் ஊர் எதுவென்று விசாரித்துக்கொண்டு 1909இல் மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது மோனசைட்டில் உள்ள தோரியம். திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையை நினைத்துப் பாருங்கள். முதல்முறை கொளுத்தியதும் துணி எரிந்துபோகும். எஞ்சி நின்று வெளிச்சம் தந்தது தோரியம் ஆக்சைடின் சாம்பல்கூடு. தோரியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் அணு ஒரு நியூட்ரானை விழுங்கினால், படிப்படியாக யுரேனியம்-233 என்ற அணு எரிபொருளாக மாறுகிறது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு, விளக்குக்கான சரக்கு வல்லரசுகள் விலை பேசும் சரக்காயிற்று.

அதே கயிற்றின் மறுமுனையில் தொழிலாளர்கள் இருந்தார்கள். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து நார் பிரித்து, ராட்டையில் திரித்தால்தான் கயிறு. அதைப் பாயாக நெய்யும் முதல் ஆலை ஆலப்புழையில் 1859இல் வந்தது. 1922இல் அங்கே தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1938இல் பொது வேலைநிறுத்தம். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. அயல்நாட்டுப் போர், ஆலப்புழையை அடுத்த சேர்த்தலைத் தாலுகாவின் கயிற்றுத் தொழிலாளர் வீடுகளில் பட்டினியாக நுழைந்தது.

இந்த நேரத்தில்தான் திவான் ஓர் அரசியல் இயந்திரத்தை வடிவமைத்தார். மக்கள் கேட்டது பொறுப்பாட்சி. அதாவது, சட்டமன்றத்தின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை விலகியாக வேண்டிய ஆட்சி. 1946 ஜனவரியில் திவான் முன்வைத்ததோ ‘அமெரிக்க மாடல்’. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை உண்டு, சட்டமன்றமும் உண்டு. மகாராஜா நியமிக்கும் திவானை மட்டும் அந்த மன்றம் அசைக்க முடியாது. அமெரிக்க அதிபரை இடையில் எளிதில் நீக்க முடியாது என்பதை எடுத்துக்கொண்டவர், அவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டார்!

நுட்பமான இந்தத் தந்திரத்தைக் கயிற்றுத் தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள். ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்பது அவர்கள் முழக்கம். கூலி, போனஸ் கேட்ட பட்டியலிலேயே பொறுப்பாட்சியையும் சேர்த்தார்கள். 1946 அக்டோபர் 24 அன்று புன்னப்புராவிலும் 27 அன்று வயலாரிலும், கூராகச் சீவிய கமுகங்கழிகளோடு நின்றவர்கள்மீது துப்பாக்கிகள் சுட்டன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

எதிர்ப்பை அடக்கிய கையோடு திவான் வெளியுறவில் இறங்கினார். 1947இல் மோனசைட் விற்பனைக்குப் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்தார். பிறக்கவிருந்த பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியை நியமித்தார். ஜூலை 25 அன்று ஓர் இசைக் கச்சேரியில் அவரை வெட்டினார்கள், உயிர் தப்பினார். ஐந்தே நாளில் இந்தியாவுடன் இணையச் சம்மதித்து மகாராஜாவின் தந்தி டெல்லிக்குப் போயிற்று. ஆகஸ்டில் திவான் ஊரைவிட்டே கிளம்பினார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல். குடியரசு இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்றரை ஆண்டுக்கும் முன்பே அது நடந்துவிட்டது. 120 இடங்களில் மாநில காங்கிரஸ் 97ஐப் பிடித்தது. தமிழ்ப் பகுதிகளில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. ஆனால் வாக்குச்சீட்டு வந்ததும் துப்பாக்கி தானாக ஓய்ந்துவிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் போலீஸே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு இணையக் கோரிய தமிழர்கள்மீது சுட்டது. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டையும் குமரித் தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. மணவாளக்குறிச்சி மணலும் கூடவே வந்தது.

மணலின் வெளியுறவுக் கதை திவானோடு முடியவில்லை. 1950இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்–கொச்சி அரசும் சேர்ந்து இந்திய அருமண் நிறுவனத்தைத் தொடங்கின. 1951இல் இந்தியா அமெரிக்காவிடம் கோதுமைக் கடன் கேட்டபோது, பதிலுக்கு மோனசைட் வேண்டும் என்ற குரல் அங்கே எழுந்தது. நேரு இணங்கவில்லை. 1953இல் சுமார் 1 டன் தோரியம் நைட்ரேட் சீனாவுக்குக் கப்பலேறியது. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு இப்படிப்பட்ட பொருளை விற்பவர்க்கு உதவி கிடையாது என்றது அன்றைய அமெரிக்கச் சட்டம். ஒரு லாரியில் அடங்கும் சரக்குக்காக இரு நாடுகளும் மல்லுக்கு நின்றன. இந்தியா நிபந்தனைக்குப் பணியவில்லை. கடைசியில் அமெரிக்காவே இந்தியத் தோரியம் நைட்ரேட்டை வாங்க முன்வந்தது.

திவானும் மணலை வைத்துத்தான் பேரம் பேசினார். நேருவும் மணலை வைத்துத்தான் பேசினார். திவான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது அரண்மனைக்கு. நேரு பதில் சொல்ல வேண்டியிருந்தது நாடாளுமன்றத்துக்கு. சொந்தத் தொழிலாளியைச் சுட்டுவிட்டுப் பேரம் பேசிய அரசு, ஒரு வெட்டுக்கு ஐந்து நாளுக்கு மேல் தாங்கவில்லை. 1957இல் கேரளத்தில் தேர்தல் வழியே கம்யூனிஸ்ட் அரசு அமைந்தபோது, தொழிலாளர் துறை அமைச்சரானவர் டி.வி. தாமஸ். அவர் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர்.