நுரையீரலில் தொற்று, இதயத்தில் தடுமாற்றம்

ஆக்லாந்தின் கிழக்குப் புறநகரான பாட்டனி டவுன்ஸில், குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இன்ஃபுளுவென்சாவோ கோவிட்டோ முற்றி மூச்சுத்திணறலுக்கு ஆளாகும் ஒருவர் பெரும்பாலும் மிடில்மோர் பொது மருத்துவமனைக்கே கொண்டு செல்லப்படுகிறார். அந்த மருத்துவமனையும் ஆக்லாந்து நகர மருத்துவமனையும் 2012இல் தொடங்கிய 'ஷிவர்ஸ்' ஆய்வின் களங்களாக இருந்து, கடும் சுவாசத் தொற்றுக்குப் பின்னால் எந்த வைரஸ் உள்ளது என்பதை ஆராய்ந்தன. இதயத்துடிப்பைப் பொறுத்தவரை, வைரஸ் எது என்பதைவிட நோய் எவ்வளவு கடுமையானது என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது.

வூஹானில் கோவிட்டுக்காகச் சேர்க்கப்பட்ட 138 பேரைப் பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கை, அவர்களில் 16.7 விழுக்காட்டினருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோரில் 44.4 விழுக்காட்டினருக்கும் துடிப்பு ஒழுங்கு குலைந்ததாகக் கூறியது. எவ்வகைக் குலைவு என்பதை விளக்காமல் விட்டது அதன் பெருங்குறை. பின்னர் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைகள் 3,970 கோவிட் நோயாளிகளை முந்தைய ஆண்டுகளின் 1,420 இன்ஃபுளுவென்சா நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் அதன் நெருங்கிய வகையும் முதல் பிரிவில் சுமார் 10, இரண்டாவதில் சுமார் 12 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன.

கடும் சுவாசத் தொற்றில் துடிப்பு இவ்வாறு குலையக் காரணங்கள் பல. காய்ச்சலும் அழற்சியும் அட்ரினலின் சுரப்பைக் கூட்டுகின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதால் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. உணவு இறங்காமலும் வயிற்றுப்போக்காலும் பொட்டாசியம், மெக்னீசியம் குறையும்போது இதயத் தசையின் மின்னோட்டம் நிலைகுலைகிறது. சிகிச்சையும் இதில் முற்றிலும் குற்றமற்றதன்று: மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் துடிப்பை விரைவாக்கிப் பொட்டாசியத்தையும் குறைக்கிறது, அசித்ரோமைசின் போன்ற மருந்துகள், ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீளும் நேரத்தை, அதாவது ஈ.சி.ஜி.யில் 'கியூ.டி.' எனக் குறிக்கப்படும் இடைவெளியை நீட்டி, அரிதாக உயிருக்கு ஆபத்தான வேகத்துடிப்பைத் தூண்டுகின்றன.

ஆக்சிஜனும் உப்புகளும் சீரானதும் துடிப்பு பெரும்பாலும் தானே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பதால் அதைக் காய்ச்சலின் பக்கவிளைவாக மட்டும் கருதும் போக்கு உண்டு. இது சரியன்று; அதே தடுமாற்றம் பின்னாளில் மீண்டும் வரலாம், அப்போது இடது மேலறையில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஆகவே வீடு திரும்பும்போது தரப்படும் மருத்துவக் குறிப்பில் துடிப்புக் குலைவு பதிவாகியிருந்தால், குடும்ப மருத்துவர் மீண்டும் ஈ.சி.ஜி. எடுத்து, வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தேவையா என்று முடிவுசெய்வது அவசியமாகிறது.