நான்கு மூன்றாகும் விந்தை

கழுத்தின் முன்புறத்தே அமைந்த தைராய்டுச் சுரப்பி பெரிதும் சுரப்பது, நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சின் என்னும் இயக்குநீரே. இது சேமநிதி போன்றது. கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றில் செலினியம் கொண்ட நொதிகள் ஓர் அணுவை நீக்க, ஆற்றல்மிக்க 'டி-3' பிறக்கிறது. இலக்கணத்தார் கூறும் கெடுதல் விகாரம் நினைவுக்கு வருகிறது! சுரப்பியே இயங்காதவர்க்குத் தைராக்சின் மட்டும் அளித்தபோதும் குருதியில் டி-3 காணப்பட்டதை 1970இல் அமெரிக்க ஆய்வாளர் மெய்ப்பித்தனர். ஆதலின் சுரப்பு குன்றியவர்க்கு மருத்துவர் பெரும்பாலும் தைராக்சின் மாத்திரை ஒன்றையே தருகின்றனர். குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். எனவே மாத்திரையை விட்டவுடன் ஒன்றும் தோன்றாது. 'குணமாயிற்று' என நம்மவர் தாமே நிறுத்தி ஏமாறுவது இங்குதான். சோர்வும் குளிர் தாங்காமையும் வாரங்கள் கழித்தே தலைகாட்டும்.